சுண்ணாம்பு தடவினால் பதநீர்! தடவாவிட்டால் குற்றமா?

  

ஒரு நிமிடம் வரப்பு ஓரத்துப் பனைமரத்தை அண்ணாந்து பாருங்கள்.

விடியக்காலம் நாலரை மணி. பனையேறி இடுப்பில் அருவாள் பெட்டியோடு, காலில் தளைநார் மாட்டி மேலே போகிறார். பாளை நுனியைச் சீவி விடுகிறார். ஒரு கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவிக் கட்டுகிறார். பக்கத்துப் பாளையில் இன்னொரு கலயம். அதில் சுண்ணாம்பு இல்லை. ஒரே மரம். ஒரே வேர். ஒரே தண்ணீர். இரண்டு கலயத்திலும் சொட்டுவது ஒரே சாறு.

சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இருப்பது பதநீர். எங்க கொங்குப் பக்கம் தெளுவு என்போம். தெற்கே பதனி என்பார்கள். அதை ரோட்டோரம் வைத்து விற்கலாம். தடவாத கலயத்தில் இருப்பது கள். அதைக் கீழே இறக்கினால் வழக்கு, கோர்ட்டு, வாய்தா!

சுண்ணாம்பு தடவாததற்கு ஒரு குற்றப்பிரிவு! இப்படி ஒரு சட்டத்தின் கீழ்தான் 1987-லிருந்து தமிழ்நாட்டு விவசாயியும் பனையேறியும் வாழ்ந்திருக்கிறார்கள். இது நியாயமா? இதைக் கேட்கத்தான் இந்தத் துண்டறிக்கை.

கையில் இருப்பதை வைத்துக் கணக்குப் போடுகிறவன் விவசாயி

நம்ம வீட்டுப் பெண்கள் சமையலுக்கு எப்படித் திட்டம் போடுகிறார்கள்? புத்தகத்தைப் பார்த்துச் சாமான் வாங்கி வந்தா சமைக்கிறார்கள்? இல்லை. முதலில் அடுக்குப்பானையைத் திறந்து பார்ப்பார்கள். கேழ்வரகு இருந்தால் களி. பச்சரிசி நனைந்திருந்தால் ஆப்பம். மோர் மீந்திருந்தால் மோர்க்குழம்பு. கையில் என்ன இருக்கிறதோ அதிலிருந்துதான் அன்றைய சமையல்.

மரத்துச் சாறும் அப்படித்தான். ஒரு பருவப் பனையோ அலகுப் பனையோ, மரத்துக்கும் பருவத்துக்கும் தகுந்தாற்போல ஒன்றிரண்டு லிட்டரிலிருந்து நாலைந்து லிட்டர் வரை நாளுக்குத் தரும். பனையில் தை, மாசி தொடங்கி ஆனி வரை வரத்து. தென்னையில் வருசம் பூராவும் பாளை உண்டு. இந்தச் சாற்றை என்ன செய்வது என்று விவசாயி தினமும் காலையில் முடிவு செய்ய வேண்டும்.

வீட்டில் விறகு இருக்கிறதா? வேலைக்கு ஆள் இருக்கிறதா? அப்படியானால் காய்ச்சலாம். எட்டுப் பத்து லிட்டர் பதநீரைச் சுண்டக் காய்ச்சினால் ஏறக்குறைய ஒரு கிலோ கருப்பட்டி. ஆனால் மணிக்கணக்காக அடுப்பு எரிய வேண்டும். புகையில் கண் போகும். காய்ச்சுகிற பெண்ணைக் கேட்டால் தெரியும்.

விறகு இல்லையா? பதநீராகவே விற்கலாம். ஆனால் வெயில் ஏறுவதற்குள் வாங்க ஆள் வர வேண்டும்.

வெயிலில் நாத்து நடவோ, கரும்பு வெட்டோ நடக்கிறதா? வேலையாட்களுக்கு ஒரு கலயம் கள். ஆப்பத்துக்கு மாவு புளிக்க வேண்டுமா? அதற்கும் ஒரு கரண்டி கள் போதும். ஈஸ்ட் பொட்டலம் வாங்க வேண்டாம்.

எல்லாம் போக மீந்துவிட்டதா? மூடி வைத்தால் நாளாக நாளாகப் புளித்து வினிகராகும். ஊறுகாய்க்கு ஆகும். ஒரு சொட்டும் வீணில்லை.

இதுதான் நம்ம கணக்கு. விறகைப் பார்த்து, ஆளைப் பார்த்து, வெயிலைப் பார்த்து, கையில் இருப்பதைக் கொண்டு போடுகிற கணக்கு. இந்தக் கணக்கில் ஒரு வரியை மட்டும் அரசாங்கம் சிவப்பு மையால் அடித்துவிட்டது. அடித்தது எந்த வரி? செலவே இல்லாத வரி! விறகு வேண்டாத, மிஷின் வேண்டாத, ஐஸ் பெட்டி வேண்டாத, இயற்கை தானாகவே செய்து கொடுக்கிற வரி!

ஆமாம், தானாகவே! சாறு சொட்டத் தொடங்கியதும் காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்திலும் இருக்கிற ஈஸ்ட் அதில் சேர்ந்து நொதிக்க ஆரம்பித்துவிடுகிறது. யாரும் எதையும் கலக்க வேண்டியதில்லை, காய்ச்ச வேண்டியதில்லை. சாற்றில் இருக்கிற 12 முதல் 15 சதவீதச் சர்க்கரை, சில மணி நேரத்தில் 4 முதல் 6 சதவீத ஆல்கஹாலாக மாறத் தொடங்கும். பீர் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு. மரம் செய்கிற வேலைக்கு மனுசன் மேல் வழக்கு!

உலகத்து விவசாயி என்ன செய்கிறான்?

நாம் மட்டும்தான் இப்படியா? உலகத்தில் எந்த ஊர் விவசாயியை எடுத்துக்கொண்டாலும் தன் காட்டில் விளைவதை வைத்துத்தான் தன் பானத்தை வடித்திருக்கிறான்.

ஐரோப்பாவில் பார்லி விளைகிறது; அதனால் பார்லியில் பீர். பின்லாந்து நாட்டுக் கிராமங்களில் ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூவை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. காட்டில் கிடைத்த ஜூனிப்பர் என்கிற ஊசியிலைச் செடியின் கிளைகளைத் தொட்டியில் பரப்பி, அதன் மேல் பார்லிக் கூழை ஊற்றி வடித்து, வீட்டில் ரொட்டிக்கு வைத்திருக்கும் ஈஸ்ட்டைப் போட்டே 'சாஹ்தி' என்ற பீர் செய்கிறார்கள். நார்வே நாட்டு விவசாயி ஈஸ்ட்டை ஒரு மர வளையத்தில் தோய்த்துக் காயவைத்து, அடுத்த தடவைக்கு எடுத்து வைப்பான். நம்ம பனையேறி பழைய கலயத்தைச் சுத்தமாகக் கழுவாமல் வைப்பதும் அதே வித்தைதான்!

பெல்ஜியம் நாட்டின் தெற்குப் பகுதிப் பண்ணைகளில் குளிர்காலத்தில் பீர் வடித்து வைப்பார்கள். எதற்கு? கோடையில் அறுப்புக்கு வரும் வேலையாட்கள் குடிக்க! பார்லி இருந்தால் பார்லி. அதோடு கோதுமையோ ஓட்ஸோ பண்ணையில் என்ன மீந்ததோ அது. கூலியோடு கலயம் கொடுத்த நம்ம தாத்தாவுக்கும் அந்தப் பண்ணைக்காரனுக்கும் என்ன வித்தியாசம்?

கிழக்கு ஆப்பிரிக்காவில் உகாண்டா, ருவாண்டா நாடுகளில் வாழை அதிகம். பழுத்த வாழைச் சாற்றில் வறுத்த சோளமாவு போட்டு வாழைப் பீர். நம்ம நாட்டிலேயே சிக்கிம் மலையில் கேழ்வரகை நொதிக்க வைத்து, மூங்கில் குவளையில் போட்டு வெந்நீர் ஊற்றிக் குடிக்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரியில் நாம் களி கிண்டுகிற அதே கேழ்வரகு! ஜார்க்கண்ட் பழங்குடி மக்கள் சோற்றில் மூலிகை மாத்திரை சேர்த்து 'ஹண்டியா' வடிக்கிறார்கள்.

இன்றைக்கும் அமெரிக்காவில் வீட்டில் பீர் வடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? அலமாரியைத் திறந்து, போன தடவை வாங்கியதில் எவ்வளவு மால்ட் மீதி, எவ்வளவு ஹாப்ஸ் மீதி என்று பார்த்து, அதற்குத் தகுந்தாற்போல அடுத்த தடவைச் செய்முறையைத் திட்டமிடுகிறார்கள். கோதுமை மால்ட் கொஞ்சம் கிடக்கிறதா, அதைச் சேர். ஹாப்ஸ் பழசாகிவிட்டதா, கொஞ்சம் கூடப் போடு. நம்ம அடுக்குப்பானைக் கணக்கேதான்! அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. நமக்கு அது பிழைப்பு. அவர்களைப் பிடிக்கப் போலீஸ் வருவதில்லை. நம்மைப் பிடிக்க வருகிறது.

அங்கே சட்டம் என்ன சொல்கிறது?

இங்கிலாந்தில் வீட்டில் பீர் வடிக்க லைசென்ஸ் வேண்டும் என்று இருந்தது. 1963-ல் அதையே எடுத்துவிட்டார்கள். சொந்த உபயோகத்துக்கு வடித்துக்கொள், விற்காதே என்று விட்டுவிட்டார்கள்.

அமெரிக்காவில் 1920-ல் மதுவிலக்கு வந்தது, 1933-ல் போனது. அப்போது வீட்டில் ஒயின் செய்யலாம் என்றார்கள். பீர் மட்டும் விடுபட்டுப் போனது. அந்தத் தவறைத் திருத்த 45 வருசம் ஆனது. 1978-ல் ஜனாதிபதி கார்ட்டர் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கும் வீட்டில் வருசத்துக்கு 200 காலன், அதாவது 750 லிட்டருக்கு மேல், வரி இல்லாமல் வடித்துக்கொள்ளலாம். ஆனால் சாராயம் காய்ச்ச அங்கே வீட்டில் அனுமதி இல்லை. புளிக்க வைப்பது வேறு, காய்ச்சி இறக்குவது வேறு என்று அவர்கள் சட்டத்துக்குத் தெரிகிறது. நம்ம சட்டத்துக்குத் தெரியவில்லை!

ஜப்பானில் 1899-லிருந்து வீட்டில் அரிசி மது வடிப்பது குற்றம். வரி வசூலுக்காகப் போட்ட தடை அது. அங்கேயும் 2003 முதல் சில பகுதிகளைத் தனி மண்டலமாக அறிவித்து, தங்கும் விடுதியோ சாப்பாட்டுக் கடையோ நடத்தும் விவசாயி, தன் வயலில் விளைந்த அரிசியில் 'டொபுரொக்கு' என்கிற கலங்கல் மது செய்யக் கதவைத் திறந்துவிட்டார்கள். கிராமம் காலியாகாமல் இருக்க வேண்டும் என்பதற்காக!

வெளிநாடு எதற்கு? மத்தியப் பிரதேசத்தில் பழங்குடி மக்கள் தங்கள் வீட்டுத் தேவைக்கு மகுவாப் பூவில் மது இறக்கிக்கொள்ளக் கலால் சட்டத்தில் விலக்கு உண்டு. மகுவா என்பது நம்ம இலுப்பை இனத்து மரம். அங்கே இலுப்பைப் பூவுக்கு விலக்கு. இங்கே பனம்பாளைக்கு விலங்கு!

நமக்கு நடந்தது என்ன?

வெள்ளைக்காரன் காலத்தில் மரத்துக்கு மரம் வரி போட்டான். கள்ளுக்கடையை ஏலம் விட்டான். ஏலம் எடுத்தவன் கொழுத்தான். குடித்தவன் குடும்பம் அழிந்தது. அதை எதிர்த்துத்தான் 1921-ல் கள்ளுக்கடை மறியல் நடந்தது. பெரியார் ஈ.வெ.ரா. தன் தோப்பில் இருந்த தென்னை மரங்களையே வெட்டிச் சாய்த்தார். அந்தத் தியாகத்தை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. தன் மரத்தைத் தானே வெட்டியவர் அவர்!

1937-ல் ராஜாஜி அரசு மதுவிலக்குச் சட்டம் கொண்டுவந்தது. முதலில் சேலம் மாவட்டத்தில் அமல். 1948-ல் மாகாணம் முழுக்க. 1971-ல் மதுவிலக்கை ஒத்தி வைத்தார்கள். 1973-ல் கள்ளுக்கடையை மூடினார்கள். 1981-ல் திறந்தார்கள். 1987 ஜனவரி 1 முதல் மறுபடி மூடினார்கள்.

மூடியது எதை? கள்ளை! சீசாவை மூடினார்களா? 1983-ல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கிய டாஸ்மாக் தொடர்ந்து ஓடியது. 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது. மதுவிலக்குச் சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. மதுக்கடை மெயின் ரோட்டில் இருக்கிறது. அப்படியானால் விலக்கி வைத்தது மதுவையா, விவசாயியையா?

2023–24 ஒரு நிதியாண்டில் மட்டும் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருமானம் 45,855 கோடி ரூபாய். இதில் பனை விவசாயிக்கு எவ்வளவு? பூஜ்யம்! தென்னை விவசாயிக்கு எவ்வளவு? பூஜ்யம்! பனையேறிக்கு? அதுவும் பூஜ்யம்!

சீசாவுக்குள் யார் விளைச்சல்?

அந்தச் சீசாவில் இருப்பது என்ன? சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகில் இருந்து எடுத்த ஸ்பிரிட்டில் தண்ணீரும் நிறமும் வாசனையும் சேர்த்தது. ஆல்கஹால் 42.8 சதவீதம். கள்ளைப் போல ஏழெட்டு மடங்கு! கரும்பு போட்டவனுக்கு அதில் பங்கு உண்டா? கரும்புக்கு உரிய பணமே ஆலை வாசலில் நின்று கத்தித்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

பீர் வாங்கினால்? பார்லி நம்ம கரிசலிலும் செம்மண்ணிலும் விளையும் பயிரா? ராஜஸ்தான், உத்தரப்பிரதேசப் பக்கம் விளைவது. ஹாப்ஸ் குளிர்நாட்டுக் கொடி; பெரும்பாலும் கப்பலில் வருவது. எங்கேயோ விளைந்ததை லாரியிலும் கப்பலிலும் கொண்டுவந்து, கம்பெனியில் அடைத்து, அரசாங்கக் கடையில் வைத்து, நம்ம பையனிடம் விற்கிறார்கள். பையன் வீட்டு வரப்பில் நிற்கும் பனையைச் செங்கல் சூளைக்காரன் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறான். பாளையில் வருமானம் இல்லாத மரத்தை எத்தனை நாள் வைத்திருப்பது என்று அப்பனும் கொடுத்துவிடுகிறான்.

தோழர்களே, இதுதான் உண்மையான நட்டம். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது டெல்டாவில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. பனை நின்றது. புயலுக்குச் சாயாத மரம், சட்டத்துக்குச் சாய்ந்துகொண்டிருக்கிறது! மரத்தை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அறிவித்தார்கள், வரவேற்கிறோம். ஆனால் மரத்தை வெட்டாதே என்று சொன்னால் போதுமா? அதில் இருந்து பிழைக்கவும் விட வேண்டாமா? கறக்கக் கூடாத மாட்டை யார் கட்டித் தீனி போடுவார்?

சாவடியைத் தாண்டினால்...

பொள்ளாச்சியில் இருந்து மேற்கே போங்கள். எல்லைச் சாவடியைத் தாண்டினால் கேரளத்தின் சித்தூர் தாலுகா. அதே மண், அதே தென்னை, அதே வெள்ளை ஈ, அதே வேர்வாடல் நோய். ஆனால் அங்கே பாளை சீவிக் கள் இறக்குவது தொழில். கள்ளுத் தொழிலாளருக்கு நலநிதி வைக்க 1969-லேயே சட்டம் போட்ட மாநிலம் அது. சாவடிக்கு இந்தப் பக்கம் அதே வேலை செய்தால் கைது. மரத்துக்கு எல்லைக் கோடு தெரியுமா?

புதுச்சேரியில் கள்ளுக்கு இந்தத் தடை இல்லை. ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் கள் இறக்குகிறார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகவே கள் விற்கப்படுகிறது; போத்தலில் அடைத்தும் விற்கிறார்கள். சுற்றி இத்தனை பேருக்கும் அது தொழில். நடுவில் நமக்கு மட்டும் குற்றம்!

கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்கிறோம்

"கள்ளும் போதைதானே?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மழுப்ப மாட்டோம். கள் போதைதான். அது பால் என்றோ மருந்து என்றோ நாங்கள் சொல்லவில்லை. அளவு மீறினால் கள்ளும் குடும்பத்தைக் கெடுக்கும், கெடுத்திருக்கிறது. எங்கள் வீடுகளிலும் அழுத பெண்கள் உண்டு. ஆனால் தாய்மார்களே, இன்று உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது? கள்ளை மூடியதால் குடி நின்றதா? 5 சதவீதம் குடித்தவன் 42.8 சதவீதத்துக்குப் போனான். மரத்தடியில் பெரியவர் கண்ணுக்கு முன்னால் குடித்தவன், மெயின் ரோட்டில் யாரும் கேட்காத இடத்தில் விழுந்து கிடக்கிறான். கொடுத்த காசு ஊரில் இன்னொரு வீட்டுக்குப் போனது. இப்போது ஊரை விட்டே போகிறது. முழு மதுவிலக்கு கொண்டுவருகிறேன், சீசாவையும் சேர்த்து மூடுகிறேன் என்று அரசு சொல்லட்டும்; நாங்களும் கலயத்தைக் கவிழ்த்து வைக்கிறோம். சீசாவைத் திறந்து வைத்துக்கொண்டு கலயத்தை உடைப்பதைத்தான் ஏற்க மாட்டோம்.

"கள்ளில் கலப்படம் வருமே?" வரும். 2025 ஜூலையில் ஹைதராபாத்தில் கலப்படக் கள் குடித்து உயிர்ப்பலி நடந்தது. மறைக்கவில்லை. கலப்படம் எங்கே நுழைகிறது? பத்து மரத்துச் சாறு நூறு மரத்துச் சாறாக விற்கப்படும் இடத்தில்! ஏலதாரனும் குத்தகைதாரனும் டேங்கரும் வருகிற இடத்தில்! மரத்தடியில், இறக்கியவன் கையால், அன்றைக்கே விற்றுத் தீர்கிற கள்ளில் கலப்படம் செய்ய அவசியம் என்ன? வாங்குகிறவனும் அதே ஊர், விற்கிறவனும் அதே ஊர். நாளைக்கு முகத்தில் முழிக்க வேண்டாமா? அதனால்தான் எங்கள் கோரிக்கையில் ஏலம் வேண்டாம், காண்டிராக்ட் வேண்டாம் என்கிறோம்.

தடை போட்டதால் உயிர்ப்பலி நின்றதா என்றும் கேளுங்கள். 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பக்கம். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரம். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல் போனார்கள். கொன்றது மெத்தனால். அது தொழிற்சாலை விஷம், பனம்பாளையில் சொட்டியதல்ல. செத்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடங் காய்ச்சிகள். டாஸ்மாக் சீசாவுக்குக் காசு பத்தாதவன் பாக்கெட்டுச் சாராயத்துக்குப் போகிறான். அவன் கையில் விஷம் போய்ச் சேர்ந்ததற்கு இந்தச் சட்டத்துக்குப் பங்கே இல்லையா? 2024 ஜூலையில் கள் தடையை மறுபரிசீலனை செய்யக் கூடாதா என்று சென்னை உயர் நீதிமன்றமே அரசைக் கேட்டது.

"நீராவுக்குத்தான் அனுமதி கொடுத்தோமே?" என்பார்கள். 2017-ல் நீரா விதிகள் வந்தன. யாருக்கு? தென்னை வளர்ச்சி வாரியத்தில் பதிவு செய்த உற்பத்தியாளர் கம்பெனிக்கு. நொதிக்காமல் தடுக்கும் கரைசல் வேண்டும். ஐஸ் பெட்டி வேண்டும், குளிர்சாதனம் வேண்டும், பாக்கெட் போட வேண்டும். இருபது தென்னை வைத்திருப்பவன் எங்கே போவான்? கையில் இருப்பதைக் கொண்டு பிழைக்க வழி கேட்டோம். கையில் இல்லாததை எல்லாம் வாங்கினால்தான் வழி என்றார்கள். கொஞ்சம் வெயில் பட்டு நீரா புளித்துவிட்டால் அது கள்; மறுபடியும் குற்றம்! காலையில் உணவு, மத்தியானம் குற்றம். கடிகாரம் பார்த்துச் சட்டம் போட்ட நாடு வேறு எங்கே உண்டு?

"அரசியல் சாசனம் 47-வது பிரிவு மதுவிலக்கு வேண்டும் என்கிறதே?" ஆமாம், சொல்கிறது. அது கலயத்துக்கு மட்டும் சொல்கிறதா, சீசாவுக்கும் சொல்கிறதா? படித்துப் பார்த்துச் சொல்லுங்கள் ஆட்சியாளர்களே!

எங்கள் கோரிக்கைகள்

1. மதுவிலக்குச் சட்டத்தில் 'மது' என்ற விளக்கத்தில் இருந்து, எதுவும் கலக்காமல், காய்ச்சாமல், மரத்தில் இருந்து இறக்கி இயற்கையாகப் புளித்த கள்ளை நீக்கு!

2. சொந்த மரத்தில் சொந்த வீட்டு உபயோகத்துக்கு இறக்க லைசென்ஸ், கட்டணம் எதுவும் கேட்காதே! அளவு வைக்க வேண்டுமானால் மரக்கணக்கை வைத்து நிர்ணயம் செய்!

3. விற்பனை மரத்தடியிலும் அந்த ஊராட்சி எல்லைக்குள்ளும் மட்டும். மரத்துக்கு எண் போடு. ஏலம், குத்தகை, இடைத்தரகர் யாரும் வேண்டாம்!

4. விற்பனை இடத்தையும் நேரத்தையும் கிராம சபை முடிவு செய்யட்டும். பள்ளிக்கூடம், கோயில் பக்கம் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் அனுமதி ரத்து.

5. கலப்படம் செய்பவனுக்குக் கடும் தண்டனை கொடு! அவனுக்காக எந்தச் சங்கமும் பரிந்து பேசாது. நாங்களும் பேச மாட்டோம்.

6. நீரா, பதநீர், கருப்பட்டி, வினிகர், கள் – எதை எப்போது செய்வது என்பதைத் தனி விவசாயியும் பனையேறியும் முடிவு செய்ய விடு! கம்பெனிக்கு மட்டும் அனுமதி என்ற நிபந்தனையை நீக்கு!

7. கள் இறக்கியதற்காகப் போட்ட வழக்குகளை வாபஸ் வாங்கு! மரத்தில் இருந்து விழுந்து இறக்கும், ஊனமாகும் பனையேறிக்கு முழுக் காப்பீடு கொடு!

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே! கோட்டைக்கு மனுப்போட்டுக் காத்திருந்தால் ஆகாது. இந்த மாதமே ஒவ்வொரு ஊரிலும் மரக்கணக்கு எடுங்கள். வரப்பில் எத்தனை பனை, தோப்பில் எத்தனை தென்னை, ஏறத் தெரிந்தவர் எத்தனை பேர், கடந்த பத்து வருசத்தில் சூளைக்குப் போன மரம் எத்தனை – ஒரு நோட்டில் எழுதுங்கள். அதுதான் நம்ம கையில் இருக்கும் சரக்கு. அதை வைத்துத்தான் போராட்டத்துக்கும் திட்டம் போட வேண்டும்.

அடுத்து வரும் கிராம சபைக் கூட்டத்தில் அந்தக் கணக்கை வாசியுங்கள். தாய்மார்களை முதலில் பேச விடுங்கள். அவர்கள் எதிர்த்துப் பேசினாலும் கேளுங்கள், பதில் சொல்லுங்கள். அவர்கள் ஒத்துக்கொண்ட நிபந்தனைகளோடு தீர்மானம் போடுங்கள். அதிகாரி எழுத மறுத்தால் எழுதும் வரை எழுந்திருக்காதீர்கள். தீர்மான நகலை வட்டத் தலைநகருக்கு எடுத்து வாருங்கள். எல்லா ஊர் நகலையும் சேர்த்துக்கொண்டு, காலிக் கலயத்தோடு கலெக்டர் அலுவலகம் போவோம்.

ஏன் காலிக் கலயம்? நிறைந்த கலயம் என்றால் பறிமுதல் செய்வார்கள். காலிக் கலயத்தை எந்தப் பிரிவில் பறிமுதல் செய்வார்கள் என்று பார்ப்போம்! ஒவ்வொருவர் கலயத்துக்குள்ளும் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு மடித்து வையுங்கள். கலெக்டர் மேசையில் அதை வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்போம்: "ஐயா, எங்களுக்கும் ஜெயிலுக்கும் நடுவில் இருப்பது இவ்வளவுதானா?"

நம்ம மரம்! நம்ம பாளை! நம்ம கலயம்!
என்ன செய்வது என்பது நம்ம முடிவு!

சீசாவுக்குச் சிவப்புக் கம்பளம், கலயத்துக்குக் கைவிலங்கா?
மாற்று! மாற்று! சட்டத்தை மாற்று!

பனை நின்றால் ஊர் நிற்கும்!
உழவர் ஒற்றுமை ஓங்குக!

அணி திரண்டு வாரீர்! கலயத்தோடு வாரீர்!